குறும்படத்துக்குக் கடன் வாங்கலாமா?

ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு கதையை எழுதித் திருத்தி 26 பக்க ஸ்கிரிப்டாக வைத்திருக்கிறார். அவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "என் சேமிப்பு பட்ஜெட்டில் பாதிக்குத்தான் வரும். மீதியை மாமா தருகிறேன் என்கிறார், ஆனால் படத்தில் சரிபாதிப் பங்கு கேட்கிறார். அது வேண்டாமென்றால் தனிநபர் கடன்தான் வழி. நண்பர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வருகிறார்கள். படம் முடிந்து வெளியானால் போட்ட பணம் எவ்வளவு நாளில் திரும்பும்? எந்த வழியில் போவது நல்லது?" ஸ்கிரிப்டையும் பட்ஜெட் தாளையும் இணைத்திருந்தார். இரண்டையும் முழுசாகப் படித்துவிட்டு, தயாரிப்பு நிர்வாகம் பார்க்கிறவனாக இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

போட்ட பணம் எவ்வளவு நாளில் திரும்பும் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது. படம் நன்றாக வந்தாலும், நாலு விழாவில் ஓடினாலும், பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினாலும் இதுதான் நிலைமை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த ஒன்றை மனதார ஏற்றுக்கொண்டால் மாமா, கடன், நண்பர்கள் என்று நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் தன்னால் தெளிவாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

ஏன் திரும்பாது என்பதற்குக் காரணம் உங்கள் படத்தில் இல்லை, சந்தையில் இருக்கிறது. ஒரு காலத்தில் தியேட்டரில் முழுநீளப் படத்துக்கு முன்னால் குறும்படம், கார்ட்டூன், செய்திப்படம் எல்லாம் ஓடின. அமெரிக்காவில் பெரிய ஸ்டுடியோக்கள் படங்களைக் கட்டுக்கட்டாகத் தியேட்டர்காரர்கள் தலையில் கட்டின, அந்தக் கட்டோடு சேர்ந்து குறும்படங்களும் விலைபோயின. 1948ல் பாரமவுண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த முறைக்குத் தடை போட்டது, கூடவே தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் வந்தது, குறும்படத்துக்கென்று டிக்கெட் வாங்கும் கூட்டம் அதற்குப் பிறகு பெரிதாக உருவாகவே இல்லை. ஐரோப்பாவில் பல நாடுகள் இதைப் பொதுப்பணத்தால் தாங்கிப் பிடிக்கின்றன. பிரான்ஸில் 1946ல் தொடங்கிய தேசிய சினிமா மையம் இன்றைக்கும் குறும்படங்களுக்கு நிதி தருகிறது, அந்த நாட்டின் கிளெர்மோன் ஃபெராண்ட் விழாவில் 1986லிருந்து குறும்படங்களுக்கென்றே தனிச் சந்தை கூடுகிறது. தொலைக்காட்சிக்காரர்களும் விநியோகஸ்தர்களும் அங்கே வந்து வாங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படி விற்பவை, வருகிற ஆயிரக்கணக்கான படங்களில் கொஞ்சம்தான். விற்றாலும் பல நேரம் நிமிடக் கணக்கில்தான் விலை பேசுவார்கள். அந்தத் தொகையைப் பார்த்து பட்ஜெட் போட முடியாது.

"யூடியூபில் போட்டால் வருமானம் வருமே" என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரப் பங்கு கிடைக்க உங்கள் சேனலுக்கு 1000 சந்தாதாரர்கள் வேண்டும், 12 மாதத்துக்குள் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒரு ஆள் சராசரியாக 5 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 48,000 பேர் பார்த்த பிறகுதான் கதவே திறக்கும். அதற்கு அப்புறம் வருகிற விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. வாரம் ஒரு வீடியோ போடுகிறவருக்கு இது ஒத்துவரும், வருஷத்துக்கு ஒரு படம் எடுக்கிறவருக்கு இதை வருமானம் என்று தாளில் எழுதவே கூடாது. உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஆக, கடன் வேண்டாம். தனிநபர் கடனுக்கு வட்டி அதிகம், தவணை படப்பிடிப்புக்கு அடுத்த மாதமே தொடங்கிவிடும், படமோ எடிட்டிங் மேஜையில் கிடக்கும். தவணை கட்டும் அவசரத்தில் சவுண்ட் மிக்ஸிங்கைச் சுருக்குவீர்கள், கலரை அரைகுறையாக முடிப்பீர்கள், விழாவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நேராக இணையத்தில் ஏற்றிவிடுவீர்கள். கடனில் எடுத்த படங்கள் இப்படி அவசரமாக முடிக்கப்பட்டு வெளியானதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். குறும்படத்துக்குப் போடுகிற பணம், போனால் போகட்டும் என்று உங்களால் நிம்மதியாகத் தூங்க முடிகிற பணமாக மட்டும் இருக்க வேண்டும்.

அப்படியானால் மீதிப் பாதிக்கு எங்கே போவது? போக வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். உங்கள் ஸ்கிரிப்டுக்குள்ளேயே அந்தப் பணம் இருக்கிறது.

உங்கள் கதையில் உயிரான இடம் எது என்று உங்களுக்கே தெரியும். அப்பாவின் வீட்டை விற்பதற்கு முன் அண்ணனும் தம்பியும் சாமான்களைப் பிரித்துக்கொள்கிறார்கள், அந்தப் பூட்டிய டிராயர் திறக்கிறது, அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு வரியும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் டிராயர் திறப்பது 9வது பக்கத்தில். அதுவரைக்கும் அண்ணன் அலுவலகத்திலிருந்து கிளம்புவதும், தம்பி இரவு மழையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பதும், 30 பேர் கூடிய பழைய பிறந்தநாள் விழாவும்தான். அந்த மழைக் காட்சி ஒன்றரைப் பக்கம். அதை எடுக்க என்னவெல்லாம் வேண்டும் என்று பாருங்கள். தண்ணீர் லாரி, மழை வரவழைக்கிற குழாய்கள், அதை இயக்க ஆட்கள். மழை கேமராவில் தெரிய வேண்டுமென்றால் பின்பக்கத்திலிருந்து பலமான விளக்கு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் விழுவதே தெரியாது. அந்த விளக்குக்கு ஜெனரேட்டர். பொது இடம் என்பதால் அனுமதி. தம்பியின் சட்டை ஒவ்வொரு டேக்குக்கும் நனையும், ஆகவே ஒரே மாதிரி மூன்று செட் உடை, துண்டு, மாற்றிக்கொள்ள இடம். தண்ணீர்ச் சத்தத்தில் வசனம் பதிவாகாது, பின்னால் டப்பிங். இரவெல்லாம் எடுத்தால் மறுநாள் பகலில் யூனிட்டுக்கு ஓய்வு தர வேண்டும், அதில் ஒரு நாள் போச்சு. உங்கள் தாளில் விளக்கு, ஜெனரேட்டர் செலவு மொத்தத்தில் 100க்கு 18 பங்கு, அதில் பெரும்பகுதி இந்த ஒன்றரைப் பக்கத்துக்காக.

அதே தம்பி நனைந்த சட்டையோடு வீட்டுக்குள் நுழைகிறான், குடையை மூலையில் சாய்க்கிறான், தரையில் தண்ணீர் வடிகிறது, வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. கதைக்கு இது போதாதா? எனக்கு இதுதான் இன்னும் பலமான தொடக்கமாகப் படுகிறது, ஏனென்றால் முதல் நிமிடத்திலேயே நாம் அந்த வீட்டுக்குள் இருக்கிறோம்.

இப்படியே ஒவ்வொரு காட்சியையும் கேளுங்கள். பிறந்தநாள் விழாவுக்குப் பதில் டிராயரில் ஒரு போட்டோ கிடைக்கட்டும். அண்ணனின் அலுவலகத்துக்குப் பதில் அவன் போனில் மேலதிகாரியிடம் சொல்லும் பொய் ஒன்று. ஒரே வீடு, இரண்டு நடிகர்கள், 13 பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற பொதுக்கணக்கில் 13 நிமிடப் படம். சின்ன யூனிட் ஒரு நாளைக்கு 4, 5 பக்கம் எடுத்தாலே நல்ல வேகம், அதனால் நீங்கள் போட்ட 6 நாள் 3 நாளாகும். வாடகைக்கு எடுக்கும் எல்லாமும் நாள் கணக்கில்தான், சாப்பாடும் போக்குவரத்தும் நாள் கணக்கில்தான். மொத்தச் செலவு உங்கள் சேமிப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிடும்.

நீளத்தைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆஸ்கர் விதியில் 40 நிமிடம் வரை குறும்படம்தான், ஆனால் கான் குறும்படப் போட்டிக்கு டைட்டில் எல்லாம் சேர்த்து 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விழாக்காரர்கள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் காட்சிக்குள் பல படங்களை அடுக்க வேண்டியிருக்கிறது. 26 நிமிடப் படத்தைச் சேர்த்தால் இரண்டு நல்ல படத்தை வெளியே நிறுத்த வேண்டும், அவ்வளவு பிடித்திருந்தால்தான் சேர்ப்பார்கள். டேவிட் சாண்ட்பெர்க் 2013ல் எடுத்த 'லைட்ஸ் அவுட்' 3 நிமிடம்கூட இல்லை. அவருடைய சொந்த வீடு, நடித்தது அவர் மனைவி, அவ்வளவுதான். அது இணையத்தில் பரவி, 2016ல் அவரே இயக்கிய முழுநீளப் படமாக வந்தது. டேமியன் ஷசெல் 'விப்லாஷ்' முழு ஸ்கிரிப்டை எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் 18 நிமிடக் குறும்படமாக எடுத்தார், அது 2013 சன்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கியது, முழுநீளப் படத்துக்குப் பணம் வந்தது, அடுத்த வருஷமே படம் வெளியானது. இந்த இரண்டிலும் குறும்படம் கொண்டுவந்தது அடுத்த படத்தை. எல்லாருக்கும் இப்படி நடக்காது, ஆனால் குறும்படத்துக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறதென்றால் அது இந்தத் திசையில்தான் இருக்கிறது: ஆட்களோடு பழக்கம், காட்ட ஒரு வேலை, அடுத்த வாய்ப்பு. உங்களுக்கு இதில் எது வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு அதற்கு எவ்வளவு தரலாம் என்று பாருங்கள்.

இப்போது பட்ஜெட் தாள். நூற்றுக்கு 30 பங்கு கேமராவுக்கும் லென்ஸுக்கும். ஒலிக்கு 2. விழாக்களுக்கு ஒன்றும் இல்லை. எதிர்பாராத செலவுக்கு 2. இதை அப்படியே புரட்டிப்போட வேண்டும். பார்க்கிறவர் கொஞ்சம் மங்கலான காட்சியைப் பொறுத்துக்கொள்வார், வசனம் கேட்காவிட்டால் 2 நிமிடத்தில் போய்விடுவார். உங்கள் கதை இரண்டு பேர் ஒரு அறையில் பேசுகிற கதை, மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்க வேண்டிய கதை. நல்ல ஒலிப்பதிவாளர் ஒருவரை மூன்று நாளுக்கும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட வெறும் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் தவிப்பீர்கள். ஒரு பொது அளவு சொல்கிறேன்: படப்பிடிப்பு முடிகிற அன்றைக்கு மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது கையில் மிச்சம் இருக்க வேண்டும். எடிட்டிங், கலர், சவுண்ட் மிக்ஸிங், இசை, சப்டைட்டில், தியேட்டரில் திரையிடுவதற்கான காப்பி, விழா நுழைவுக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். இது போக 10 சதவீதத்தை எதற்கும் தொடாமல் வையுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் கண்டிப்பாக, தினமும் இரண்டிலும் காப்பி, இரண்டும் இரண்டு வீட்டில்.

இசை பற்றி ஒரு வார்த்தை. கடைசிக் காட்சியில் ஒரு பிரபலமான பழைய பாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு உரிமை வாங்க வேண்டும், பாட்டு எழுதி இசையமைத்தவர்கள் பக்கம் ஒன்று, அந்த ஒலிப்பதிவை வைத்திருக்கும் கம்பெனி பக்கம் இன்னொன்று. விழாக்களுக்கு மட்டும் என்று மலிவாக உரிமை கொடுப்பார்கள், பின்னால் இணையத்தில் போடும்போது மறுபடி காசு கேட்பார்கள். தம்பி அந்தப் பாட்டை முணுமுணுத்தாலும் முதல் உரிமை வாங்கத்தான் வேண்டும். புதிதாக ஒரு சின்ன இசைத் துண்டு போட்டு வாங்கிவிடுங்கள், உரிமை யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்ல மனசோடுதான் தருகிறார், அதனாலேயே அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். "மாமா, இது திரும்ப வராது, தந்தால் எனக்குத் தந்ததாக நினைத்துத் தாருங்கள்" என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். பாதித் தொகை வேண்டாம், ஒலிச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், டைட்டிலில் அவர் பெயரை முதலாவதாகப் போடுங்கள். பங்கு இல்லாமல் தர மாட்டேன் என்றால், அதையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்: வருமானம் வந்தால் முதலில் நீங்கள் இருவரும் போட்ட தொகை போட்ட விகிதத்தில் போகும், அதற்கு மேல் வருவதில் பங்கு, கெடு இல்லை, வட்டி இல்லை, நஷ்டத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. அந்தப் பங்கு இந்தக் குறும்படத்தின் வருமானத்தில் மட்டும்தான், கதையில் இல்லை, இதே கதையை நாளைக்கு முழுநீளப் படமாக எடுத்தால் அதில் இல்லை. "படத்தில் பாதி" என்று வாய்வார்த்தையாக விட்டுவிட்டால், நாளை ஒரு தயாரிப்பாளர் இந்தக் கதையைக் கேட்டு வரும்போது மாமாவின் கையெழுத்துக்காக நீங்கள் நிற்க வேண்டியிருக்கும், உறவும் கெடும்.

நண்பர்கள் சம்பளம் இல்லாமல் வருகிறார்கள் என்பது உங்களுக்கு வந்த மிகப் பெரிய நிதி, தாளில் அதற்கும் ஒரு தொகை போட்டு எழுதுங்கள், அப்போதுதான் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்று உறைக்கும். "படம் சம்பாதித்தால் தருகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த வாக்குதான் பின்னால் மனஸ்தாபமாகும். ஒன்று, எல்லாருக்கும் ஒரே மாதிரி சின்னத் தொகை கையில் கொடுங்கள். முடியாவிட்டால் சம்பளம் இல்லை என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். சாப்பாடும் போக்குவரத்தும் உங்கள் செலவு, அதில் கை வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள், இலவசமாக வந்தவர்களை விடிய விடிய நிற்கவைப்பது அநியாயம். நடிகர்களிடமும் வீட்டுக்காரரிடமும் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள், பிற்பாடு யாராவது படத்தை வாங்க வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

இவ்வளவு குறைத்த பிறகும் கொஞ்சம் இடித்தால் கிரவுட் ஃபண்டிங் (பலரிடம் இணையத்தில் சின்னச் சின்னத் தொகையாகத் திரட்டுவது) பார்க்கலாம், மானியமும் பார்க்கலாம். கிக்ஸ்டார்ட்டர் மாதிரித் தளத்தில் கேட்ட தொகை முழுசாகச் சேராவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. சேர்ந்தாலும் தளத்துக்கு 5 சதவீதம், பணப்பரிமாற்றக் கட்டணம் இன்னொரு 3 முதல் 5. பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்புகிற பொருட்களின் செலவும் உண்டு, அதனால் போஸ்டர், டி-ஷர்ட் எல்லாம் வேண்டாம், படத்தின் லிங்க்கும் டைட்டிலில் பெயரும் போதும். அங்கே பணம் திரட்டிய 'இனொசென்டே' 2013ல் ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரே வாங்கியது, ஆகவே அந்த வழியைக் குறைத்து நினைக்க வேண்டாம். ஆனால் பெரும்பாலும் பணம் தருகிறவர்கள் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். உங்கள் போனில் இருக்கும் பெயர்களில் யார் யார் தருவார்கள் என்று நிஜமாக எண்ணிப் பார்த்துவிட்டு அதற்குத் தகுந்த தொகையைக் கேளுங்கள். மானியத்துக்கு முடிவு வரவே மாதக்கணக்கில் ஆகும், பல இடங்களில் தவணை தவணையாகத் தந்து கடைசித் தவணையைப் படத்தைக் கொடுத்த பிறகுதான் விடுவிப்பார்கள். முதல் படத்துக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம், ஆனால் விண்ணப்பத்துக்காக எழுதும் இயக்குநர் குறிப்பும் செலவுத் திட்டமும் உங்கள் தலையையே தெளிவாக்கும், அதற்காகவாவது ஒன்று எழுதிப் பாருங்கள். படத்தில் விளம்பரம் காட்டுவதற்காக ஏதாவது நிறுவனத்திடம் பணம் கேட்கும் யோசனை இந்தக் கதைக்குப் பொருந்தாது, அப்பாவின் டிராயரிலிருந்து பிராண்ட் பெயர் எட்டிப்பார்த்தால் படம் அங்கேயே செத்துவிடும்.

விழாக்களுக்கு 15, 20 பெயருக்கு மேல் பட்டியல் வேண்டாம். நுழைவுக் கட்டணம் கெடு நெருங்க நெருங்க ஏறும், முதல் கெடுவுக்குள் அனுப்பினால் காசு மிச்சம். பணம் கட்டுவதற்கு முன் அந்த விழா போன வருஷம் எந்தப் படங்களைத் திரையிட்டது, எந்தத் தியேட்டரில் என்று பாருங்கள். திரையிடலே இல்லாமல் கட்டணத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் மெயிலில் அனுப்புகிற விழாக்கள் நிறைய முளைத்திருக்கின்றன, அதில் காசைப் போடாதீர்கள். விழாச் சுற்று முடியும் வரை படத்தை இணையத்தில் ஏற்றாதீர்கள். சில விழாக்கள் இதைப் பொருட்படுத்தாது, பல விழாக்கள் ஏற்கெனவே வெளியான படத்தை எடுக்காது. ஆஸ்கர் தகுதி பெறும் முன் இணையத்தில் பொதுவில் வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

முதலில் அந்த 13 பக்கத்தை எழுதி முடியுங்கள், அதற்குத் தகுந்த புது பட்ஜெட் போடுங்கள், மாமாவிடம் பேசுவது அதற்கப்புறம் இருக்கட்டும். ஸ்கிரிப்டும் தாளும் தயாரானதும் இங்கேயே அனுப்புங்கள். ஒலிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.